வேலை தேடுபவருக்கு விசிட்டிங் கார்டு எதற்கு? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பயோடேட்டா தட்டச்சு, சின்னச் சின்ன அச்சு வேலைகள் என்று ஒரு கடை நடத்துகிறேன். வேலை தேடுபவர்கள் சான்றிதழ்க் கட்டோடு வந்து நிற்கும் இடம் இது. ஒரு விசிட்டிங் கார்டு அடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொன்னால், திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தாம் வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். என் கடையில்தான் அடிக்க வேண்டும் என்பதில்லை.

வேலையே இல்லாதவனுக்கு விசிட்டிங் கார்டு எதற்கு?

வேலை இல்லாதபோதுதான் அது அதிகம் தேவை. வேலையில் இருப்பவரைப் பிடிக்க அலுவலகம் இருக்கிறது, கம்பெனி எண் இருக்கிறது. வேலை தேடுபவரை எங்கே போய்ப் பிடிப்பது?

முன்பு இந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் அவசியம் இருக்கவில்லை. பெரம்பூர் பின்னி ஆலை ஓடிய காலத்தில் அப்பா வேலை செய்த இடத்தில் மகன் சேர்ந்தான், மாமன் சொல்லி மருமகன் சேர்ந்தான். ஆலை வாசலில் நின்றாலே ஊர்ச் செய்தி அத்தனையும் காதில் விழும். 1996இல் ஆலை மூடப்பட்டபோது வேலையோடு அந்தத் தொடர்புகளும் கலைந்தன. இன்று வேலைகள் மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்திலும் நூற்றுக்கணக்கான ஒப்பந்ததாரர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. எந்த வாசலில் நின்றாலும் எல்லாச் செய்தியும் கிடைத்துவிடாது.

நமக்குச் சொந்தபந்தம் அதிகம். ஒரு தெருவில் நாலு வீடு உறவுக்காரர் வீடாக இருக்கும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. புதிய செய்தி அரைகுறையாகப் பழகியவர்களிடமிருந்துதான் வருகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதைப் பற்றி 1973இல் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள்?" என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்தவர் மூலம் பெற்றதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 56 சதவீதம், மிக அரிதாகச் சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 28 சதவீதம். அது வேறு நாடு, வேறு காலம், விசாரிக்கப்பட்டவர்களும் அலுவலக வேலைக்காரர்கள். ஆனாலும் என் கடைக்கு வந்து "வேலை கிடைத்துவிட்டது" என்று சொல்பவர்களிடம் யார் மூலம் என்று கேட்டால், "தெரிந்தவருக்குத் தெரிந்தவர்" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்கிறேன்.

அரைகுறையாகப் பழகியவருக்கு உங்கள் முழுப் பெயர் நினைவிருக்காது. என்ன படித்தீர்கள், என்ன வேலை தெரியும் என்பதும் தெரியாது. அவருடைய முதலாளி "ஒரு நல்ல ஃபிட்டர் வேண்டுமே" என்று கேட்கும் நேரத்தில் அவர் சட்டைப் பையில் உங்கள் கார்டு இருந்தால் எடுத்து நீட்டுவார். இந்தக் குறிப்பில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்: கையில் வாங்குகிறவரை மட்டும் நினைத்துக் கார்டு எழுதாதீர்கள். உங்களைப் பார்த்தே இராத மூன்றாவது மனிதர் ஒருவர் அதைப் படிப்பார். அவருக்காக எழுதுங்கள்.

பயோடேட்டா இருக்கிறதே, அது போதாதா?

பயோடேட்டாவைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நேர்காணலுக்கு அது, மற்ற எல்லா இடத்துக்கும் கார்டு.

கார்டில் என்ன எழுத வேண்டும்?

பெயர், தொழில், ஒரு வரி விவரம், கைப்பேசி எண், மின்னஞ்சல், பகுதியின் பெயர். இவ்வளவுதான்.

இவற்றில் உயிரான பகுதி அந்த ஒரு வரி. பெரும்பாலோர் "வேலை தேடுபவர்" என்றோ "எந்த வேலையும் செய்வேன்" என்றோ போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த வேலையும் செய்வேன் என்பவரை எந்த வேலைக்குக் கூப்பிடுவது என்று யாருக்கும் புரியாது. தெரிந்த வேலையைத் துறைக்காரர் பேசும் சொற்களிலேயே எழுதுங்கள்.

வெல்டர் என்றால் வெறும் வெல்டர் என்று விட்டுவிடாதீர்கள். ஆர்க் தெரியுமா, டிக் தெரியுமா, 6ஜி சோதனையில் தேறியவரா என்பதைத்தான் மணலி ஒப்பந்ததாரர் முதலில் கேட்பார். பைப் வெல்டிங்கில் 6ஜி என்பது 45 டிகிரி சாய்வாகக் குழாயை நிறுத்திவைத்து, அதைத் திருப்பாமலே சுற்றிலும் பற்றவைக்கும் சோதனை. அதில் தேறியவர் என்ற ஒரு சொல் பத்து வரி விளக்கத்தைவிட மேலானது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷட்டவுன் வேலை பார்த்திருந்தால் அதையும் போடுங்கள். ஆலையைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திப் பழுதுபார்க்கும்போது குறுகிய நாட்களுக்கு நிறையப் பேர் தேவைப்படுவார்கள், அப்போது முன்னனுபவம் உள்ளவர்களையே முதலில் தேடுவார்கள்.

சுங்க முகவர் அலுவலகங்களில் வேலை தேடுபவர் "அலுவலக உதவியாளர்" என்று பொதுவாக எழுதுவதைவிட, "இறக்குமதி ஆவணங்கள், பில் ஆஃப் என்ட்ரி தயாரிப்பு" என்று எழுதலாம். சுங்க முகவரின் ஊழியர்களுக்கான அடையாள அட்டைகளான எச் கார்டோ ஜி கார்டோ இருந்தால் அதைப் பெயருக்குக் கீழேயே போட வேண்டும். ஜி கார்டு சுங்கத்துறையின் தேர்வு எழுதித் தேறியவருக்குக் கிடைப்பது. சுங்க முகவர் அலுவலகங்கள் நிறைந்த தம்புச் செட்டித் தெருவில் அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளிலோ சௌகார்பேட்டையிலோ கணக்கு வேலை தேடுபவர் "டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல்" என்று எழுதினால் போதும். ஓட்டுநர் என்றால் கனரக வாகன உரிமமா, டிரெய்லர் ஓட்டியவரா என்பது வேண்டும். எலெக்ட்ரீஷியன் என்றால் உரிமம் உண்டா என்பது வேண்டும்.

ஆதார் எண், பான் எண், பிறந்த தேதி, சாதி, அப்பா பெயர், கதவு எண்ணோடு கூடிய வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். கார்டு யார் யார் கைக்குப் போகும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை.

பெயரைச் சான்றிதழில் உள்ளபடி போட வேண்டுமா, கூப்பிடும் பெயரா?

சான்றிதழில் உள்ளபடி, இனிஷியலோடு. தெருவில் எல்லோரும் கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம், தப்பில்லை. பெயருக்குப் பின்னால் பட்டம் போடும்போது மட்டும் கவனம். அரியர் பாக்கி இருக்கும்போது பி.இ. என்று போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் பொய்யாகிவிடும். "பி.இ. இறுதித் தேர்வு எழுதியவர்" என்று உண்மையைச் சொல்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இப்போதுதான் படித்து முடித்தேன். அனுபவம் என்று எதுவும் இல்லையே?

கையால் என்ன செய்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஐடிஐ என்றால் எந்தப் பிரிவு, எங்கே அப்ரென்டிஸ் செய்தீர்கள் என்பதே ஒரு வரி ஆகிவிடும். தொழில்பழகுநர் சட்டப்படி பயிற்சி முடித்துத் தேசியச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதை விடாதீர்கள். சர் தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ வணிகவியல் முடித்தவர், நான் முதல்வன் திட்டத்தில் படித்த பயிற்சியின் பெயரைப் போடலாம். மாலை நேரத்தில் மாமாவின் கடைக்கு ஜிஎஸ்டி பில் போட்டுக் கொடுத்ததும் அனுபவம்தான். அதற்குச் சம்பளம் வந்ததா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வடசென்னை முகவரி போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்கிறார்களே? வேறு பகுதி பெயர் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்ற பெயர்களைக் கேட்டதும் முகம் மாறும் ஆட்கள் இருக்கிறார்கள். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பொய்யான பகுதிப் பெயர் போடுவதால் அந்த ஆள் திருந்தப் போவதில்லை. நேர்காணலில் ஆதார் அட்டையைக் காட்டும்போது நீங்கள்தான் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

இந்த மண்ணில் செய்யாத வேலை என்ன இருக்கிறது? அசோக் லேலண்ட் 1948இல் தொடங்கியது, அதன் ஆலை எண்ணூரில். 1955 முதல் நாடு முழுவதும் ஓடும் ரயில் பெட்டிகளைக் கட்டுவது பெரம்பூர் ஐசிஎஃப். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இலிருந்து பெட்ரோலும் டீசலும் தருகிறது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கினார்கள். பயந்து ஒளித்துவைக்க வேண்டிய முகவரி இல்லை இது.

நடைமுறைக்கு வருவோம். மணலியிலோ எண்ணூரிலோ துறைமுகத்திலோ வேலை என்றால் பகுதிப் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். இரவு ஷிஃப்ட்டுக்குப் பக்கத்திலிருந்து வரும் ஆள் அங்கே பெரிய பலம். கிண்டி, நந்தனம், அண்ணா சாலைப் பக்கம் தேடுகிறீர்கள் என்றால் "திருவொற்றியூர் மெட்ரோ அருகில்", "புது வண்ணாரப்பேட்டை மெட்ரோ அருகில்" என்று எழுதுங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, வண்டி மாறாமல் கிண்டி வரை போகலாம். தினமும் நேரத்துக்கு வந்துவிடுவாரா என்பதுதான் படிப்பவரின் உண்மையான சந்தேகம். அதற்கு அந்த ஒரு வரியே பதில்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஒப்பந்ததாரரின் மேஸ்திரி தமிழ்ப் பக்கத்தைப் படிப்பார், மனிதவளத் துறையில் இருப்பவர் ஆங்கிலப் பக்கத்தைப் படிப்பார். எண் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

போட்டோ, சாமி படம், பழைய கம்பெனியின் லோகோ?

போட்டோ வேண்டாம், இடத்தை அடைக்கும். சாமி படம் உங்கள் விருப்பம், ஆனால் தொழிலுக்கான இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கம்பெனியின் லோகோவைக் கண்டிப்பாகப் போடக் கூடாது. நீங்கள் இன்னும் அங்கே வேலை செய்வதாக ஆகிவிடும். நான்கு சிங்க முத்திரையைக் கேட்பவர்களும் வருகிறார்கள். அரசு முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது, நான் அச்சடித்துத் தர மாட்டேன்.

எத்தனை அடிப்பது? எந்தக் காகிதம்?

அச்சடிப்பவன் நானே சொல்கிறேன், ஆயிரம் வேண்டாம். ஆஃப்செட்டில் அதிகம் அடித்தால் ஒரு கார்டின் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் வேலை தேடும்போது அந்த ஒரு வரியை இரண்டு மாதத்தில் மாற்றத் தோன்றும். புதிதாக ஒரு பயிற்சி முடிப்பீர்கள், அல்லது வேறு மாதிரி எழுதினால் அதிகம் கூப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பீர்கள். டிஜிட்டல் அச்சில் நூறு போதும்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) இருந்தால் சட்டைப் பையில் மடங்காது. மேட் பூச்சு நல்லது. பளபளக்கும் பூச்சின்மேல் பேனா எழுதாது, வாங்கியவர் "ஷட்டவுன் முடிந்ததும் கூப்பிட" என்று ஓரத்தில் குறித்துவைக்க நினைத்தால் முடியாமல் போகும். மொத்தமாகக் காகிதம் வாங்கி அடிக்க விரும்புகிறவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரிக்கலாம். எழுத்து மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. ஐம்பது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் எண்ணைப் படிக்க முடிகிறதா என்று வீட்டில் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.

கியூஆர் குறியீடு போடலாமா?

போடலாம், சதுரத்தின் பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல். பெயரையும் எண்ணையும் நேரடியாக உள்ளே பதிந்த குறியீட்டையே கேளுங்கள். அதற்குக் காலாவதி கிடையாது, இணையமும் தேவையில்லை. சில இணையதளங்கள் இலவசமாகத் தரும் குறியீடு அவர்களுடைய தளத்தின் வழியாகப் போகும். அவர்கள் சேவையை நிறுத்தினாலோ பணம் கேட்டாலோ உங்கள் கார்டில் வெறும் கறுப்புப் புள்ளிகள்தாம் மிஞ்சும். அச்சுக்குப் போகுமுன் இரண்டு மூன்று கைப்பேசிகளில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

யாரிடம் கொடுப்பது?

மனிதவள அதிகாரியிடம் மட்டும் கொடுக்கக் காத்திருந்தால் கார்டுகள் பெட்டியிலேயே இருக்கும். உங்கள் துறையில் இன்று வேலையில் இருப்பவர்களிடம் கொடுங்கள். ஆள் தேவை என்பது விளம்பரமாக வருமுன் அவர்கள் காதில்தான் விழும்.

மணலியில் ஷிஃப்ட் மாறும் நேரத்துத் தேநீர்க் கடைகள், ஒப்பந்ததாரர் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் டைம்கீப்பர்கள், மேற்பார்வையாளர்கள். சரக்குப் பெட்டக நிலையங்களின் வாசலில் இருக்கும் போக்குவரத்து அலுவலகங்கள். ராஜாஜி சாலை சுங்க இல்லத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மதிய உணவு நேரத்தில் மெஸ்ஸுக்கு வரும் முகவர் அலுவலக ஊழியர்கள். காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக் வேலை தேடுபவர் என்றால் உதிரிபாகக் கடைக்காரர். எந்தப் படகு எப்போது பழுதுக்கு வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கருவி விற்பவர், வெல்டிங் ராடு விற்பவர், சீருடை தைப்பவர் என்று பல கம்பெனிகளுக்குள் போய்வரும் மனிதர்களை நாம் மறந்தேவிடுகிறோம். பத்துக் கம்பெனிச் செய்தி அவர்களிடம் இருக்கும்.

பழைய ஆசிரியர், ஐடிஐ பயிற்றுநர், கால்பந்தும் கேரமும் ஆடும் இடத்து மூத்தவர்கள், சங்க நிர்வாகிகள், கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் பொறுப்பில் இருப்பவர்கள், எல்லோரும் இதில் சேர்த்தி. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து பேச்சு தொடங்கும் நேரம் நல்ல நேரம். துக்க வீட்டில் வேண்டாம். அங்கே யாராவது வேலை பற்றிப் பேச்செடுத்தாலும், பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அரசு நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் எடுத்துப்போங்கள், நுழைவு இலவசம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கொடுப்பதைப் போலவே, வரிசையில் பக்கத்தில் நிற்பவருக்கும் கொடுங்கள். அவர் போட்டியாளர் என்று நினைக்க வேண்டாம். அவர் முடியாது என்று விடும் வேலை உங்களுக்குப் பொருந்தலாம்.

கொடுக்கும்போது என்ன சொல்வது? கூச்சமாக இருக்கிறது.

முதலில் பேசுங்கள், கார்டு கடைசியில். அவருடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் கூச்சம் பாதி போய்விடும். பிறகு இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, நான் பைப் ஃபிட்டர். மூன்று வருஷம் ஆலைப் பராமரிப்பில் இருந்தேன், இப்போது வேலை தேடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஆள் கேட்டால் இதைக் கொடுங்கள்." அலுவலகத்தில் என்றால் சார், மேடம். வயதில் பெரியவர் என்றால் ஐயா, அம்மா.

"வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அது அவர் கையில் இல்லாத விஷயமாக இருக்கலாம், சங்கடப்பட்டு உங்களைத் தவிர்க்கத் தொடங்குவார். இதை யாரிடமாவது கொடுங்கள் என்பது அவரால் முடிந்த உதவி. வலது கையால் கொடுங்கள், எழுத்து அவர் பக்கம் பார்த்திருக்கட்டும். அவசரமில்லாதவர் போலத் தெரிந்தால் இரண்டு கார்டு கொடுங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று அவர் கொடுக்கப் போகிறவருக்கு. எதிரில் இருப்பவர் தன் கார்டைத் தந்தால் ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் பையில் வையுங்கள்.

கொடுத்தாகிவிட்டது. யாரும் கூப்பிடவில்லையே?

அன்று இரவே ஒரு நோட்டில் தேதி, பெயர், இடம், என்ன பேசினோம் என்பதைக் குறித்துவையுங்கள். எண் வாங்கியிருந்தால் மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி: "வணக்கம் ஐயா. நேற்று மணலியில் சந்தித்த பைப் ஃபிட்டர். பேசியதற்கு நன்றி. என் பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன்." மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை நலம் விசாரிக்கலாம். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் உங்கள் எண்ணை மௌனத்தில் போட்டுவிடுவார்கள்.

புதிய எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். கார்டு கொடுத்துவிட்டு, தெரியாத எண் என்று எடுக்காமல் விடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பெண்கள் எண்ணைப் போடுவது பாதுகாப்பா?

கவலை நியாயமானது. முடிந்தால் வேலைக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுங்கள். மின்னஞ்சல் மட்டும் போட்ட கார்டும் சரியே, அலுவலக வேலைகளுக்கு அது போதும். அப்பாவின் எண்ணையோ கணவரின் எண்ணையோ போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலைக்கான அழைப்பு உங்களிடம் நேராக வர வேண்டும், யாரோ பேசி முடிவெடுத்துவிட்ட பிறகு அல்ல.

கார்டைப் பார்த்துக் கூப்பிட்டவர் பதிவுக் கட்டணம் கேட்கிறார்...

கொடுக்காதீர்கள். சீருடைக்கு, பயிற்சிக்கு, காவல்துறை சரிபார்ப்புக்கு என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் சந்தேகப்படுங்கள். ஓடிபி, ஆதார் நகல் கேட்டாலும் அப்படியே. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. வளைகுடா வேலை என்று யாராவது கூப்பிட்டால், அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்போது ஒரு வேலையில் இருக்கிறேன். தெரிந்தால் பிரச்சினை ஆகுமே?

கார்டில் இப்போதைய கம்பெனியின் பெயரும் மின்னஞ்சலும் இல்லாமல், தொழில் மட்டும் இருந்தால் அதில் குற்றம் ஏதும் இல்லை. வேலை நேரத்தில், அதே வளாகத்தில் கொடுக்காதீர்கள்.

எண் மாறிவிட்டது. பழைய கார்டில் பேனாவால் அடித்து எழுதிக் கொடுக்கலாமா?

அவசரத்துக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம். ஆனால் உண்மையான இழப்பு ஏற்கெனவே கொடுத்த கார்டுகளில் இருக்கிறது. நான்கு மாதம் கழித்து ஒருவர் அதை எடுத்துப் பார்த்துக் கூப்பிடும்போது வேறு யாரோ எடுப்பார்கள். கட்டணம் கூடுதலாக இருக்கிறது என்று எண்ணை விட வேண்டாம். அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. கையில் காசு இல்லாத மாதத்தில் ரீசார்ஜ்தான் முதலில் தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியும். அப்போது உள்ளதிலேயே சின்னத் திட்டத்தைப் போட்டாவது அழைப்பு வரும்படி வைத்திருங்கள். எண் போய்விட்டது என்றால், அந்த நோட்டை எடுத்து அதில் உள்ளவர்களுக்கு ஒவ்வொருவராகப் புதிய எண்ணைச் சொல்லுங்கள். வீட்டுக்கருகில் இருப்பவர்களிடம் நேரில் போய்ப் புதிய கார்டைக் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.